கேள்வி கேட்டுத் தொலைத்த 13 மாதம்: ஒரு சிமென்ட் சாலை, ஒரு ஆர்டிஐ மனு

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை பாதியில் நின்றது. மீதிக்குப் பணம் வரவில்லை என்றார்கள். பெயர்ப் பலகையிலோ பணி முடிந்தது என்று எழுதியிருந்தது. ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் ஒரு மாதத்தில் கணக்கு கைக்கு வந்துவிடும் என்று நம்பி இறங்கினேன். வந்து சேர 16 மாதம் ஆனது. அதில் 13 மாதம் முழுக்க முழுக்க என் தவறால் போனது. தபால், நகல், சென்னைக்கு இரண்டு பேர் போய்வந்தது, போன நாட்களின் சம்பளம் எல்லாம் சேர்த்தால் 6 ஆயிரத்துச் சொச்சம். அதிகாரிகள் இழுத்தடித்தார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோப்பை இப்போது எடுத்துப் பார்த்தால், இழுத்தடிக்கக் கயிற்றை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

முதல் மனுவில் 14 கேள்விகள். 'சாலை ஏன் பாதியில் நிறுத்தப்பட்டது?', 'இதற்கு யார் பொறுப்பு?', 'ஒப்பந்ததாரர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும்?' இந்த மாதிரி. படித்துப் பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது. 47-ஆவது நாள் வந்த பதில் நாலே வரி: கோரப்பட்டவை வினா வடிவில் உள்ளன, சட்டத்தின் பிரிவு 2(எஃப்) வரையறைக்குள் வரவில்லை. எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதில் சட்டப்படி சரி. இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான். ஏன், எதற்கு என்று விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை, மனுவுக்குப் பதில் தரும் தகவல் அலுவலருக்குக் கிடையாது. சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: இருக்கிற தகவலைக் கொடுத்தால் போதும், இல்லாததை உருவாக்கித் தரவோ கருத்துச் சொல்லவோ வேண்டியதில்லை. ஆகவே 'ஏன் நின்றது' என்று கேட்கக் கூடாது. நிறுத்தச் சொல்லி யாராவது உத்தரவு போட்டிருந்தால் அந்த உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு தாள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் நமக்கு ஒரு பதில்தான், சில சமயம் அதுவே பெரிய பதில்.

அந்த 47 நாளிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். நான் மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தேன். அப்படித் தவறான இடத்துக்குப் போனால் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், அதனால் மொத்தக் கெடு 35 நாளாகும். 35 தாண்டியதுமே பிரிவு 7(6) வேலை செய்யத் தொடங்குகிறது: கெடு கடந்த பிறகு கொடுக்கும் தகவலுக்குப் பக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடித்துக்கொள்ள என் கையில் தகவல் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

கட்டணத்தில் பலர் வழுக்கி விழுவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். நீதிமன்ற வளாகத்திலும் முத்திரைத்தாள் விற்பவரிடமும் கிடைக்கும். ரசீதில் ஒட்டுகிறோமே, அந்த ரெவின்யூ ஸ்டாம்ப் இதற்குச் செல்லாது. அதை ஒட்டி அனுப்பிவிட்டு, கட்டணம் செலுத்தவில்லை என்று மனு திரும்பி வந்தவரை எனக்குத் தெரியும். மத்திய அரசு அலுவலகம் என்றால் 'கணக்கு அலுவலர்' பெயருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் எடுக்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் எழுத வேண்டாம், கேட்டாலும் சொல்ல வேண்டாம். பிரிவு 6(2) அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தபாலை அஞ்சல் ஒப்புகையோடுதான் அனுப்ப வேண்டும். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது, அதனால் விரைவுத் தபாலிலேயே சேர்ப்பித்ததற்கான சான்று கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று இணையத்தில் காட்டும் பக்கத்தை அன்றைக்கே அச்சடித்து வையுங்கள், அது என்றென்றும் அங்கே இருக்காது. இந்தச் சட்டத்தில் நம் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் தேதிதான்.

அந்தத் தேதியைத்தான் நான் அடுத்துத் தொலைத்தேன். நாலு வரிப் பதில் வந்த கோபத்தில் மாவட்ட ஆட்சியருக்கு மூன்று பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதிவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். செய்திருக்க வேண்டியது முதல் மேல்முறையீடு. பிரிவு 19(1)-இன் கீழ், பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. தகவல் அலுவலர் கைவிரித்தால் அந்த மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்பதையும் பதிலிலேயே எழுத வேண்டும் என்று பிரிவு 7(8) சொல்கிறது. எனக்கு வந்த பதிலில் அது இல்லை. கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதிலில் விவரம் இல்லாததையே காரணமாகக் காட்டி அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அதற்கு மேல் ஒன்று செய்தேன், அதுதான் 9 மாதத்தை விழுங்கியது. யாரோ சொன்னார்கள் என்று நேராகத் தகவல் ஆணையத்துக்குப் பிரிவு 18-இல் புகார் அனுப்பினேன். புகாரும் இரண்டாம் மேல்முறையீடும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு கதவு. பிரிவு 18-இல் போகும் புகாரில் ஆணையம் அலுவலரை விசாரிக்கலாம், பிரிவு 20-இன் கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தகவலைக் கொடு என்று உத்தரவிட அந்தப் புகாரில் வழியில்லை. மணிப்பூர் மாநில வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. தகவல் வேண்டும் என்றால் முதல் மேல்முறையீடு, அது முடிந்த பிறகு 90 நாளுக்குள் பிரிவு 19(3)-இல் இரண்டாம் மேல்முறையீடு. படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது, ராத்திரி பஸ்ஸில் சென்னை போய், விசாரணையில் ஆறேழு நிமிடம் நின்று, வெளியே வந்த பிறகு. அலுவலருக்கு ஒரு எச்சரிக்கை, எனக்குப் 'புதிதாக மனுச் செய்து கொள்ளலாம்' என்று ஒரு வரி. திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது என்று சொல்ல வெட்கப்படவில்லை.

இரண்டாவது மனுவை வேறு மாதிரி எழுதினேன். அதற்கு முன் ஊராட்சியின் செலவு வவுச்சர்களை, ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இகிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் தேடினேன். நிதிக்குழு மானியத்தில் நடந்த வேலையென்றால் யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு போனது என்பது பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும், மனுவே வேண்டாம். வேலையின் பெயர் அரசுப் பதிவில் எப்படி இருக்கிறது என்பதும் அங்கே தெரிந்தது. இது முக்கியம். நாம் 'மேலத் தெரு ரோடு' என்போம், கோப்பில் அது இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை சிமென்ட் கான்கிரீட் சாலை அமைத்தல் என்று இருக்கும். கோப்பில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் 'அப்படி ஒரு பணி இல்லை' என்று தப்பிக்க முடியாது.

மனு ஒரே பக்கம். பணியின் பெயர், நிதியாண்டு, பிறகு 'கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்கள் தேவை' என்று ஒரு வரி. அதன்கீழ் எட்டே எட்டு: ஊராட்சி மன்றத் தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும், ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் இந்தப் பணிக்கான பக்கங்கள், பில்லும் வவுச்சரும், பணி முடிவுச் சான்று. ஒன்பதாவதாக, இந்தக் கோப்பையும் பணி நடந்த இடத்தையும் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் ஆய்வு செய்ய ஒரு நாள் குறித்துத் தர வேண்டும் என்று சேர்த்தேன். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆவணத்தைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, வேலையைப் பார்ப்பதற்கும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுப்பதற்கும் அந்தப் பிரிவில் உரிமை இருக்கிறது. பத்து வருடத்துக் கணக்கையெல்லாம் ஒரே மனுவில் கேட்காதீர்கள். அலுவலகத்தின் வேலை கெடும் அளவுக்கு இருக்கிறது என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தில் தர இயலாது என்று சொல்லத்தான் இடம் தருகிறது, மறுக்க இடம் தரவில்லை. ஆனால் அந்த வாதத்துக்குள் போனால் இன்னொரு வருடம்.

27-ஆவது நாள் ஒரு கடிதம்: 146 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 292 ரூபாய் கட்டவும். இந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கடிகாரம் ஓடாது. அதனால் மறுநாளே போய்க் கட்டி ரசீது வாங்கினேன். மிச்சமிருந்தது மூன்று நாள், அந்த மூன்று நாளுக்குள் கொடுத்தும் விட்டார்கள். ஏழு ஆவணம் இருந்தது. எம்-புக் மட்டும் இல்லை. 'தணிக்கையில் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள்.

தாளில் ஏதோ இருக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. தகவலை மறுக்க வேண்டுமென்றால் பிரிவு 8, 9-இல் சொன்ன காரணம் ஒன்று வேண்டும். தணிக்கையில் இருக்கிறது, பொறுப்பாளர் மாறிவிட்டார், கோப்பு கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. காணாமல் போனது என்று சும்மா சொல்லிவிட முடியாது, தேட வேண்டும், தேவையானால் விசாரித்துப் பொறுப்பாளி யார் என்று பார்க்க வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சொந்த விவரம் என்று 8(1)(ஜே)-வைக் காட்டுவதும் உண்டு. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை முன்பைவிட இறுக்கமாக்கிவிட்டது. அப்படி வந்தால், பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்கிற பிரிவு 8(2)-ஐயும், கொடுக்க முடியாத பகுதியை மட்டும் மறைத்து மற்றதைத் தரச் சொல்லும் பிரிவு 10-ஐயும் மேல்முறையீட்டில் எழுதுங்கள். சாலையின் நீள அகலத்தில் யாருடைய சொந்த விவரமும் இல்லை.

இந்த முறை எட்டாவது நாளே முதல் மேல்முறையீடு. அதுவும் ஒரே பக்கம்: கேட்டது, கட்டியது, வராதது, காட்டிய காரணம் சட்டத்தில் இல்லை என்பது. அழுகை, ஆவேசம், ஊழல் என்ற சொல், எதுவும் இல்லை. மேல்முறையீட்டை 30 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். மறுப்பு நியாயம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, நம்முடையதல்ல என்று பிரிவு 19(5) சொல்வதை விசாரணையில் வாய்விட்டுப் படித்தேன். மேல்முறையீட்டு அலுவலர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அடுத்த வாரம் வந்து புக்கைப் பாத்துக்குங்க சார்' என்றார். அதை உத்தரவாக எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். வாயால் சொன்னதை நம்பிப் போயிருந்தால் அந்த வாரமும் புத்தகம் தணிக்கையில்தான் இருந்திருக்கும்.

இடையில் ஒரு சாயங்காலம் ஒப்பந்ததாரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். 'என்ன தம்பி, ரோட்டுக் கணக்கெல்லாம் கேக்குறீங்களாமே, எங்கிட்டயே கேட்டிருக்கலாமே.' அவ்வளவுதான் பேச்சு, காப்பிகூடக் குடித்துவிட்டுப் போனார். அன்று இரவு தூங்கவில்லை. மனுவில் போடும் முகவரி எப்படியோ வெளியே போய்விடுகிறது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது ஓரளவு உதவும், ஊருக்குள் யார் கேட்டார்கள் என்பது ஒளியாது. அதைவிடப் பயன்பட்டது அடுத்த நாள் செய்த காரியம்: அதே எட்டு ஆவணத்தைத் தெருக்காரர்கள் நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டு மனுப் போட்டார்கள். ஒருவரை மிரட்டி நிறுத்திப் பயனில்லை என்று ஆகிவிட்டது. 50 ரூபாயும் தபால் செலவும்கூட ஆகாத காரியம், முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஆய்வுக்குத் தனியாகப் போகாதீர்கள். அளவு தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், நான் ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போனேன். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எம்-புக் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், பக்க எண் அச்சிட்ட தைத்த புத்தகம். நம் சாலை ஒரே வரிதான்: 120.00 × 3.00 × 0.15 = 54.00 கன மீட்டர். நீளம், அகலம், கனம். அந்த வரிதான் பணம், மற்ற 146 பக்கமும் அதைச் சுற்றிப் போர்த்திய துணி. தெருவில் நாங்கள் ஏற்கெனவே டேப் பிடித்துப் பார்த்திருந்தோம், 97 மீட்டர். 23 மீட்டர் சாலை அந்தப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. 23-ஐ 3-ஆலும் 0.15-ஆலும் பெருக்கினால் 10.35 கன மீட்டர். மதிப்பீட்டில் இருந்த 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் என்று கொத்தனார் அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டார்: 80 மூட்டைக்கு மேல். குழாய் இணைப்புக்காகச் சாலையை வெட்டிய இடத்தில் ஸ்கேல் வைத்தபோது கனம் 15 சென்டிமீட்டருக்குப் பதில் 11 இருந்தது. ஆனால் ஒரு வெட்டில் பார்த்ததை வைத்து முழுச் சாலைக்கும் சொல்லிவிட முடியாது, அதற்குத் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். நீளத்துக்கு அந்த வம்பே இல்லை, டேப்பை யாரும் மறுக்க முடியாது. அதனால் நீளத்தை முதலில் பிடித்தோம். பார்த்த பக்க எண்ணையும் அளவையும் வெள்ளைத்தாளில் எழுதி, அங்கேயே தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

பிறகு அந்தத் தாளை எங்கே கொண்டுபோவது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஒருவர் போலீஸ் என்றார், ஒருவர் பத்திரிகை என்றார். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற மக்கள் அமைப்பு 1994-இல் செய்தது வேறு: வேலைக் கணக்குத் தாள்களை ஊர் நடுவில் வைத்து, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார்கள். எழுதியிருப்பது நடந்ததா இல்லையா என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். இந்தச் சட்டமே அங்கிருந்து முளைத்ததுதான். நமக்கு அதற்கென்றே கிராம சபை இருக்கிறது, தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் அக்டோபர் 2-க்குக் காத்திருந்தோம். போகும் முன் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைவெண் வரம்பு என்று ஒன்று உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தீர்மானம் செல்லாது என்பார்கள். அதனால் வீடு வீடாகச் சொல்லி ஆள் சேர்த்தோம். இரண்டாவது, தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

படித்தது ஒரு வரிதான். 120 மீட்டர் என்றதும் பின்னாலிருந்து ஒரு பாட்டி, 'எங்க வீடு வரைக்குமா போட்டிருக்கு? அங்க இன்னும் சேறுதானே' என்றார். தலைவர் ஓவர்சீயரைப் பார்த்தார், ஓவர்சீயர் செல்போனைப் பார்த்தார். மறு அளவீடு செய்வது என்று தீர்மானம் எழுதப்பட்டது. மூன்றாவது வாரம் உதவிப் பொறியாளர் டேப்போடு வந்தார். 97 மீட்டரும் சில்லறையும் என்று எழுதிக்கொண்டு போனார். தீபாவளி கழிந்து ஒரு காலை கலவை இயந்திரம் வந்து நின்றது, இரண்டு நாளில் மீதி 23 மீட்டரும் போட்டுவிட்டார்கள். பாட்டி வீடு வரை.

கனம் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. துளையிட்டு எடுக்கும் மாதிரியைச் சான்றோடு கேட்டு, பிரிவு 2(ஜே)-ஐ எழுதி, 10 ரூபாய் வில்லை ஒட்டி இன்னொரு மனு போட்டிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்து இன்றோடு 22 நாள்.